முந்திச் சொன்ன சாட்சி

பத்து வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். அதைக் கேட்டு ஒரு சபையே கைதட்டியது. பொய் சொன்னால் வாயில் மிளகாய்த்தூள் வைப்பார்கள் என்று மற்றப் பிள்ளைகள் பயந்துகொண்டிருந்த வயதில் நான் அல்லேலூயா வாங்கினேன்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சபை ஒரு பிளைவுட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்கச் செருப்புதான். ஞாயிற்றுக்கிழமை தாமதமாகப் போனால், செருப்பைக் கழற்ற இடம் தேடுவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடும். மேலே தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கும் முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று வரும். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். ஒருத்தருக்குச் சர்க்கரை குறைந்திருக்கும். ஒருத்தர் மகனுக்கு ஐ.டி.ஐ.யில் சீட் கிடைத்திருக்கும். சொல்லி முடித்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். கெட்ட சேதியை அங்கே யாரும் சொல்வதில்லை. அதற்கு ஜெபக் குறிப்பு என்று துண்டுச்சீட்டு இருந்தது. எழுதி, மடித்து, வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அம்மா வாராவாரம் எழுதிப் போட்டாள். தம்பி குடியை விட வேண்டும் என்ற ஒரே வரிதான்.

அந்தத் தம்பிதான் என் மாமா. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது பீரோ கட்டில் எதுவும் கொண்டுவரவில்லை, தம்பியைத்தான் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று அப்பா கேலி செய்வார். மாமா பெயிண்டர். வெறும் சுவரைப் பார்த்தே எத்தனை லிட்டர் ஆகும் என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்து மிச்சமாகும் பெயிண்டைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கதவுக்கு அடிப்பார். வருஷத்துக்கு நாலு நிறம் மாறிய கதவு எங்கள் சந்திலேயே எங்கள் வீட்டுக்குத்தான். பச்சைக் கதவு வீடு என்று அடையாளம் கேட்டு வந்த சொந்தக்காரர்கள் நீலக் கதவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். எனக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் அவர்தான்.

காலையில் அவர் கை நடுங்கும். அட்டைப் பாக்கெட்டில் வரும் தொண்ணூறு மில்லி விஸ்கிக்கு எங்கள் பக்கம் நைன்ட்டி என்று பெயர். ஒரு நைன்ட்டி உள்ளே போனால்தான் பிரஷ் நேராக நிற்கும். அதோடு நிற்கவும் நிற்காது. சாயங்காலம் ஆள் எந்த மூலையில் விழுந்து கிடக்கிறாரோ என்று அப்பா தன் கூட்ஸ் ஆட்டோவை எடுத்துக்கொண்டு தேடப் போவார். அப்பா சபைக்கு வருகிறவர் இல்லை, கிறிஸ்துமஸ் அன்று கேக் சாப்பிட மட்டும் வருவார். “உங்க சாமி கேட்டாரோ கேக்கலியோ, என் ஆட்டோ டயர் தேஞ்சிடுச்சு” என்று அம்மாவைச் சீண்டுவார். சொல்லிவிட்டு மறுநாளும் தேடப் போவார். மாமாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது, இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அதை அம்மா அரிசி களைந்துகொண்டே அப்பாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருந்தேன். மாமா செத்துப்போவார் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பாஸ்டர் ஒரு பிரசங்கம் செய்தார். கேட்டது கைக்கு வந்த பிறகு நன்றி சொல்ல எல்லாருக்கும் தெரியும், வரும் முன்னாலேயே வந்துவிட்டதாக நம்பி நன்றி சொல்லுங்கள், அதுதான் விசுவாசம் என்றார். பெரியவர்கள் ஆமென் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்தார்கள். எனக்கு மட்டும் விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ரேஷன் கடையில் முதல் நாளே போய் டோக்கன் வாங்கினால்தான் மறுநாள் மண்ணெண்ணெய் கிடைக்கும். அம்மா இத்தனை வருஷமாக டோக்கன் வாங்காமலேயே வரிசையில் நின்றுகொண்டிருக்கிறாள், பாவம், விவரம் தெரியாதவள்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில், மூன்று மாதமாக முட்டிவலி இல்லை என்று ஓர் ஆன்ட்டி சொல்லி உட்கார்ந்தார். நான் எழுந்தேன்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பாஸ்டர் ஐயாவுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். எங்க மாமா குடியை விட்டு மூணு மாசம் ஆச்சு. ஆமென்.”

அந்த மூன்று மாதம் முட்டிவலி ஆன்ட்டியிடமிருந்து எடுத்ததுதான். அதற்குக் குறைத்துச் சொன்னால் கர்த்தருக்கு மரியாதைக் குறைச்சல் என்று தோன்றியது. தகரக் கூரை அதிரும்படி கைதட்டினார்கள். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தினார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் சந்தோஷக் கண்ணீர் என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அவள் எழுந்து இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னாள். பதினோரு மணிக்கே ஒரு சுற்று முடித்துவிட்டுப் படுத்திருந்த மாமா, இருமல் வரும்வரை சிரித்தார்.

“மூணு மாசமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா பாப்பா? நானும் வந்து கை தட்டியிருப்பேனே.”

சிரிப்பு திங்கட்கிழமைவரைதான் நீடித்தது. அன்று சபைக்கு வரும் ஓர் அக்கா, தன் புருஷனைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

“அண்ணா, நீங்க எப்படி விட்டீங்கன்னு இவருக்கு ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கண்ணா. நான் சொன்னா எங்க கேக்குறாரு?”

மாமா சட்டென்று துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பல்வலி என்றார். துண்டுக்குள்ளிருந்தே, மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்றார். அந்தப் புருஷன் மாமாவை ஏற இறங்கப் பார்த்தான். இரண்டு நாள் முன்னால் இரண்டு பேரும் ஒரே ஒயின் ஷாப்பில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றவர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. என்ன தோன்றியதோ, அவன் காட்டிக்கொடுக்கவில்லை. “சரிண்ணா” என்று மட்டும் சொன்னான். போகும்போது அந்த அக்கா, “உங்களைப் பத்திக் கேட்டப்புறம்தாண்ணா எனக்கு நம்பிக்கையே வந்துச்சு” என்று சொல்லி அழுதாள். அவர்கள் போன பிறகும் மாமா வெகுநேரம் துண்டை வாயிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை பாஸ்டரே வந்தார். வரும் ஞாயிறு மாமாவே நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் மாமா என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் பாப்பா அப்படிச் சொன்னே?”

“முதல்ல சொல்லிட்டா அப்புறம் நடக்கும்.”

“நடக்கலேன்னா நீ பொய் சொன்னவளாயிடுவே, இல்ல?”

நான் அந்தப் பக்கம் யோசித்திருக்கவே இல்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமா பெயிண்ட் வாடை அடிக்கும் கையால் என் கண்ணைத் துடைத்தார். “சரி, சரி. அழாதே. பாக்கலாம்,” என்றார்.

வியாழக்கிழமை காலையில் அவர் நைன்ட்டி வாங்கப் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. அறையில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போய்க் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் பாய் நனையும்படி வேர்த்தது. வெள்ளிக்கிழமை வாந்தி, நடுக்கம். தம்ளரைப் பிடிக்க முடியாமல் அம்மா ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். சனிக்கிழமை காலையில் சுவரில் எறும்பு எறும்பாகப் போகிறது என்று நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். எறும்பு எதுவும் இல்லை. யாரோ வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள் என்று கத்தினார்.

அம்மா பயந்துபோய்ச் சபை சிஸ்டர்களுக்குப் போன் செய்தாள். நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் இப்படி ஒன்றைப் பார்த்துப் பழக்கமில்லை. குடியின் ஆவி போகிற நேரத்தில் போராடுகிறது, விடக்கூடாது என்று தலையில் எண்ணெய் வைத்து, சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தார்கள். நானும் அறை வாசலில் நின்று கூடச் சேர்ந்து கத்தினேன். எனக்கு ஒரே சந்தோஷம். போகிறது, போகிறது என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாமாவின் உடம்பு விறைத்து, வாய் கோணி, கையும் காலும் வெட்டி இழுத்தன. வாயோரம் நுரையும் ரத்தமும் வந்தன. ஜெபித்தவர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா அதைப் பார்த்தார். மாமாவை அப்படியே வாரித் தூக்கி, கூட்ஸ் ஆட்டோவின் பின்னால் கோணிமேல் கிடத்தினார். அம்மா தலையை மடியில் வைத்துக்கொள்ள, நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவைக் கன்னடத்தில் பிடி பிடியென்று பிடித்தார். “இஷ்டு தின எல்லி இத்ரி?” இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். இப்படி வருஷக்கணக்காகக் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, இங்கே கொண்டுவந்து சேர்த்து, மருந்து கொடுத்து நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே மாமாவின் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். கட்டிய கைகள் அப்போதும் எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தன.

வராந்தாவில் நான் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். நான் பொய் சொன்னதால்தான் கர்த்தர் மாமாவை அடித்துவிட்டார் என்றேன். விக்கி விக்கி அழுதேன். அம்மா என்னை அணைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“நீ கொழந்தை. நான் எந்திரிச்சு இல்லேன்னு சொல்லியிருக்கணும். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு நல்லா இருந்துச்சுடி. ஒரே ஒரு நிமிஷம் நெஜம் மாதிரியே இருந்துச்சு.”

மறுநாள் ஞாயிறு. அப்பாவை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டு அம்மா என்னைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தலை கூடச் சரியாக வாரவில்லை. சாட்சி நேரத்தில் எழுந்தாள். அவள் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

“போன வாரம் எம் பொண்ணு சொன்னது பொய். எந்தம்பி குடியை விடல. அந்தப் பொய்யை நெசமாக்கணும்னு மூணு நாளா விடப் பாத்தான். இப்ப ஆஸ்பத்திரியில கையைக் கட்டிப் போட்டிருக்காங்க. பொழைப்பானான்னு தெரியாது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர் இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டு, ஒரு பாட்டைத் தொடங்கினார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. இறங்கும்போது படிக்கட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டேன், சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கக்கூடாதா என்று.

“நல்ல சேதியை மட்டும்தான் அவர்கிட்ட சத்தமாச் சொல்லணும்னு யாருடி சொன்னா?” என்றாள் அம்மா.

கீழ்ப்படியில் அந்தத் திங்கட்கிழமை அக்கா நின்றுகொண்டிருந்தாள். சண்டைக்கு வருவாள் என்று பயந்தேன். வந்தவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பிளைவுட் கடை ஷட்டர் முன்னால் நின்று அழுதார்கள்.

மாமா பிழைத்தார். மாத்திரையும் கையுமாக வீட்டுக்கு வந்து நாற்பது நாள் குடிக்கவில்லை. கதவுக்கு ஆரஞ்சு நிறம் அடித்தார். நாற்பத்தொன்றாம் நாள் வேலைக்குப் போனவரை அப்பா மறுபடி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இரண்டு தரமும் வெளியே வந்து குடித்தார். வயிறு உப்பியது. கண் மஞ்சளாகியது. நம்பி நம்பி ஏமாந்து, கடைசியில் நம்புவதற்கே எனக்குப் பயமாகிவிட்டது.

அம்மா மட்டும் ஞாயிறு தவறாமல் எழுந்து நின்றாள். “இந்த வாரம் ரெண்டு நாள் குடிக்கல. அஞ்சு நாள் குடிச்சான். ஸ்தோத்திரம்.” அடுத்த வாரம், “ஒரு நாளும் விடல. ஆனா ரெண்டு இட்லி சாப்பிட்டான். ஸ்தோத்திரம்.” பாஸ்டர் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, சபைக்கு ஊக்கம் தரும் சாட்சியாகச் சொல்லலாமே சிஸ்டர் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். “சரிங்க பாஸ்டர்” என்றாள் அம்மா. மறுவாரமும் எழுந்து நின்றாள். கொஞ்ச நாளில் அந்தத் திங்கட்கிழமை அக்காவும் எழுந்து தன் புருஷன் கணக்கைச் சொன்னாள். பிறகு இன்னும் ஒருத்தி. எனக்குக் கர்த்தர்மேல் இன்று ஏதாவது பிடிப்பு இருக்கிறதென்றால் அது அந்தப் பெண்களிடமிருந்து வந்ததுதான். அன்று அப்படியெல்லாம் தோன்றவில்லை. நான் பாட்டுக் குழுவில் சேர்ந்து, அம்மா எழும்போதெல்லாம் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளக் கற்றிருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு ஞாயிறு மாமாவே சபைக்கு வந்தார். யாரும் அழைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, அது அவருக்கு இரண்டு ஆள் அளவு பெரிதாகியிருந்தது. ஆண்கள் பக்கம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சாட்சி நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நேத்து குடிச்சேன். இன்னிக்குக் காலைல குடிக்காம வந்திருக்கேன். கை நடுங்குது, பாருங்க. மத்தியானம் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. ஸ்தோத்திரம்.”

அம்மா மட்டும் ஆமென் என்றாள். மாமாவின் கண் பாட்டுக் குழுவில் என்னைத் தேடியது. நான் குனிந்துகொண்டேன். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என் தோழி, அது யார் உங்க மாமாவா என்று கேட்டாள். “எங்கம்மாவோட தம்பி” என்றேன். மாமா இரண்டு படி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். “ஆமாம்மா, இவங்கம்மாவோட தம்பி” என்று தோழியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். முப்பத்துநாலு வயது.

சபையில் சாட்சி சொன்ன அந்த ஞாயிறு மத்தியானம் மாமா குடிக்கவில்லை, சாயங்காலமும் இல்லை, புதன்கிழமை காலைவரை தாங்கினார் என்று எனக்குத் தெரிந்ததே அடக்கம் முடிந்த பிறகு அம்மா சொல்லித்தான். அவ்வளவு நாளும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். மாமா வேலைக்குப் போகாமல், வாசற்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், மாத்திரையை விழுங்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஸ்கூல் விட்டு வந்ததும், “பாப்பா, கொஞ்ச நேரம் இப்படி உக்காந்து எதுனா பேசேன்” என்றார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. எனக்கு ஹோம்வொர்க் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று எனக்கு ஹோம்வொர்க் எதுவும் இல்லை.